ஜெபப்புத்தகத்துக்குள் பத்து எடை அட்டைகள்

டீச்சர்,

இன்று விபூதிப் புதன். காலைப் பூசைக்கு என் ஜெபப்புத்தகத்தை விட்டுவிட்டு உன்னுடையதை எடுத்துப் போனேன். உன்னுடையதில் எழுத்து பெரிது, என் கண்ணாடிக்கு இப்போது அதுதான் தோது. நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு இடத்துக்கு வந்து புத்தகத்தைத் திறந்ததுதான் தாமதம், உள்ளேயிருந்து அட்டை அட்டையாகச் சரிந்து தரையில் விழுந்தன. எல்லாம் காரைக்குடி ரயில் நிலையத்து எடை மெஷின் அட்டைகள். காசு போட்டால் விளக்கெல்லாம் சுற்றிச் சுற்றி எரிந்து, ஒரு பக்கம் எடையும் மறுபக்கம் ஜோசியமும் அச்சடித்துத் துப்புமே, அது. பக்கத்தில் இருந்தவர் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். சீட்டாடிவிட்டு நேரே கோயிலுக்கு வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

பத்து அட்டைகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் மாதத்தின் பெயரை எழுதியிருக்கிறாய். முப்பத்தேழு கிலோவில் தொடங்கி ஐம்பதில் முடிகிறது. ஒன்றில் மட்டும் குறுக்கே பெருக்கல் குறி. அதைப் பார்த்ததும் கோயிலுக்குள்ளேயே சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. பிரசங்கத்தில் சாமியார் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்காதே.

வீட்டுக்கு வந்ததும் மகள் அடுப்படியிலிருந்து கேட்டாள். "இட்லி எடுத்து வைக்கவாப்பா?"

"வேணாம்மா. இன்னைக்கு ஒருசந்தி" என்றேன்.

சொல்லிவிட்டு மாடியேறி அறையில் உட்கார்ந்த பிறகுதான் சுருக்கென்றது. இதே வார்த்தையை நீ சொல்லி, இந்த வீட்டில் நாங்கள் எல்லோரும் நம்பினோமே, அந்தத் தவசுக்காலம் முழுக்க. அதனால்தான் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். மகளுக்கு ஒன்பது வயது. நீ செக்காலைப் பக்கத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். தெருவே உன்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது, கேலியாகத் தொடங்கி நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். நான் தபால் ஆபீஸ் கவுண்டரில். அந்த வருடம் பொங்கல் முடிந்ததிலிருந்தே உனக்குச் சாப்பிட்டால் வயிற்று வலி. அல்சராக இருக்கும் என்று ஒரு மருத்துவர் ரோஸ் நிறத்தில் ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு நீ பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவாய். "ஏன் இப்படிக் கொறிக்கிறே?" என்று நான் கேட்பேன். நீ பேச்சை மாற்றுவாய்.

அப்புறம் தவசுக்காலம் வந்தது. விபூதிப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும்தான் நம் ஆட்களுக்கு ஒருசந்தி கட்டாயம். அன்றைக்கு ஒரே வேளை முழுச் சாப்பாடு. நீ நாற்பது நாளும் இருக்கப்போவதாக அறிவித்தாய். மத்தியானம் பள்ளியில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றாய். தூக்குச்சட்டி தினமும் காலியாகத்தான் வீட்டுக்கு வந்தது. அந்தச் சோற்றை யார் தின்றார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

எனக்கு ஒரே பெருமை. கவுண்டருக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். "எங்க வீட்ல நாப்பது நாளும் ஒருசந்திங்க. எனக்கெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை கறி இல்லாம இருக்க முடியாது." சிலுவைப்பாதைக்குப் போன பெண்கள் உன் ஒடுங்கிய கன்னத்தைப் பார்த்து, டீச்சர் முகத்தில் ஒரு தேஜஸ் வந்திருக்கிறது என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். நாள் முழுக்க ஊரான் தபாலை கிராம் சுத்தமாக நிறுத்துப் பார்க்கிறவன், என் வீட்டில் ஒருத்தி கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்ததைத் தேஜஸ் என்று நினைத்தேன் பார். இப்போதும் அதை நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

சாயங்காலம் ஜெபமாலை சொல்ல மூவரும் உட்காருவோம். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் வீடு அமைதியாகும்போது உன் வயிறு கடகடவென்று இரையும். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நான் ஜெபமாலையை நிறுத்திவிட்டு, "டீச்சர் வயித்துல பேசஞ்சர் கிளம்பிருச்சு, யாராச்சும் கேட்டைச் சாத்துங்கப்பா" என்பேன். நீயும் சிரிப்பாய். சிரித்துக்கொண்டே முந்தானைக்குள் கையை விட்டு வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொள்வாய். உன் கை அந்த நேரத்தில் எப்போதும் சூடாக இருக்கும். பள்ளிக்கூடத்துக் களைப்பு என்பாய்.

ஈஸ்டர் அன்று ஆட்டுக்கறி எடுத்திருந்தோம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு நீ உட்கார்ந்து இரண்டு வாய்தான் வைத்தாய். எழுந்து கொல்லைப்பக்கம் போனாய். நான் கை கழுவ வந்தபோது துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாய். சேலை விலகிய இடத்தில், வலதுபக்கம் வயிற்றின் மேல் ஒரு உருண்டை எழும்பி, நகர்ந்து, மறைந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

"யாருட்டயும் சொல்லிறாதீக" என்றாய். அதுதான் முதல் பேச்சு.

"எத்தனை நாளா?"

"பொங்கல்லேருந்து. சாப்பிட்டா இப்படித்தான் சுருட்டுது. தின்னாம இருந்தா ஏன்னு கேப்பீக. தவசுக்காலம் வந்துச்சு. தப்பிச்சேன்னு நெனச்சேன்."

ஒக்கூரில் கட்டிக்கொடுத்த உன் அக்காவுக்கும் இப்படித்தான் வயிற்றில் கட்டி என்றார்கள். அறுவைக்குக் கொண்டுபோனவளை, வயிறு முழுக்கக் கட்டுத் துணியோடு பிணமாகத்தான் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அப்போது உனக்குப் பதினெட்டு வயது. "என்னையும் கீறிப் போட்ருவாக. நான் வர மாட்டேன்" என்று கல்லை விடாமல் சொன்னாய். நான் உன் தலையில் கையை வைத்து, உன் மேல் கத்தி படாது, அதற்கு நான் பொறுப்பு என்றேன். என்ன தெரிந்து சொன்னேன்? ஒன்றும் தெரியாது. வாய் இருந்தது, சொல்லிவிட்டேன். நீ நம்பினாய்.

டானிக் எழுதியவரை விட்டுவிட்டு, செக்காலை ரோட்டில் அந்தக் குட்டை டாக்டரிடம் போனோம். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் வயிற்றைத் தொடுவார். ஒவ்வொன்றாகக் கேட்டார். சாயங்காலம் காய்ச்சல் வருமா? இல்லை என்றாய். எடை குறைந்திருக்கிறதா? ஒருசந்தி என்றாய். வயிற்றில் சத்தம் கேட்குமா? இல்லை என்றாய்.

"அட, பேசஞ்சர் ரயிலே ஓடும் டாக்டர்!" என்று நான் சொல்லிவிட்டேன்.

நீ என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! ஆனால் டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். எப்போது ஓடும், எவ்வளவு நேரம், சத்தத்தோடு வலியும் வருமா, வாந்தி உண்டா என்று என்னைக் குடைந்தார். நான் ஜெபமாலைக் கதை, சூடான கை, காலித் தூக்குச்சட்டி, கொல்லையில் பார்த்த உருண்டை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு மாதமாக நான் கேலி செய்தது நோயின் சத்தத்தை. அவர் உன் வயிற்றை மறுபடி மெதுவாக அழுத்தினார். "பிசைஞ்ச மாவு மாதிரி இருக்கேம்மா" என்றார்.

மதுரைக்குப் போய் சுண்ணாம்புத் தண்ணி போல ஒன்றைக் குடிக்க வைத்து, அது குடலுக்குள் இறங்க இறங்க நாள் முழுக்கப் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். "பொங்கலுக்கு வீட்டுக்கு அடிக்கச் சொன்ன சுண்ணாம்பை என் குடலுக்கு அடிச்சிட்டீகளே" என்றாய். வெள்ளை உதட்டோடு நீ அதைச் சொன்னபோது எனக்குத் தைரியம் வந்தது. சிறுகுடல் பெருங்குடலோடு சேர்கிற இடத்தில் வழி நூலாகச் சுருங்கியிருந்தது. அங்கே இருந்த அறுவை மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, புற்றாகவும் இருக்கலாம், டிபியாகவும் இருக்கலாம், திறந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்றார்.

நீ டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய்.

படத்தைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறி, மறுநாள் குட்டை டாக்டர் முன்னால் போய் நின்றேன். கத்தி படாது என்று வாக்குக் கொடுத்ததையும் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடைப்பு முழுசாக இல்லை, அவசரமாக அறுக்க வேண்டியதில்லை, கீழிருந்து குழாய் விட்டு அந்த இடத்தில் அரிசி அளவு சதை எடுத்துப் பரிசோதிக்கலாம் என்று மதுரைக்கே இன்னொரு கடிதம் கொடுத்தார். அதற்கும் போய்வந்தோம். அப்புறம் முடிவுக்காகப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் ஆபீசில் தபாலெல்லாம் தப்புப் பைக்குத்தான் போயிருக்கும்.

முடிவைப் படித்துவிட்டு டாக்டர், "புற்று இல்லை. டிபிதான்" என்றார். நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். வருகிற வழியில் அரைக் கிலோ ஜிலேபி வாங்கினேன். பெண்டாட்டிக்குக் காசநோய் என்று ஜிலேபி வாங்கிய ஒரே ஆள் இந்த ஜில்லாவிலேயே நானாகத்தான் இருப்பேன். நீ ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் சப்பினாய். நெஞ்சுப் படம் சுத்தமாக இருக்கிறது, தட்டையும் டம்ளரையும் தனியே வைக்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லியும் நீ தனியே வைத்தாய். நான் வேண்டுமென்றே உன் டம்ளரில்தான் காப்பி குடித்தேன். நாலாம் நாள் அலுத்துப் போய் விட்டுவிட்டாய்.

ஆனால் டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஒன்பது மாதம், ஒரு நாள்கூட விடாமல் மாத்திரை. சுருங்கிய இடம் மாத்திரைக்கு இளகினால் சரி. இளகாவிட்டால், அல்லது வாந்தியும் உப்பலுமாக அடைத்துக்கொண்டால், அறுக்கத்தான் வேண்டும். மாசாமாசம் எங்கேயாவது எடை பாருங்கள், ஏறுகிறதா என்பதுதான் முதல் அடையாளம். என் வாக்கு அந்த எடையில் தொங்கியது.

மாத்திரையின் முதல் நாளே நான் சொதப்பினேன். அந்தச் சிவப்புக் கேப்சூல் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். நான் ஜிலேபி மயக்கத்தில் மறந்துவிட்டேன். நீ குளியலறையிலிருந்து, "ஏங்க, ரத்தமாப் போகுது!" என்று அலறிக்கொண்டு வந்தாய். விஷயத்தைச் சொன்னதும், "இம்புட்டையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தீகளாக்கும்" என்று வாங்கு வாங்கென்று வாங்கினாய்.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போனபோது மெதுவாகக் கேட்டாய். "எங்க அக்காவுக்கும் இதேதானா டாக்டர்? அவளும் மாத்திரையிலேயே பிழைச்சிருப்பாளா?"

அவர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே, "அதை இப்ப என்னால சொல்ல முடியாதும்மா. இருந்திருக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து அழுதாய். அக்கா போய்ப் பதினைந்து வருடம் கழித்து, அன்றுதான் செத்தவளுக்கு அழுகிற மாதிரி அழுதாய். என் கைக்குட்டையை வாங்கிக் கண்ணைத் துடைத்தாய். துடைத்த இடமெல்லாம் இளம் ஆரஞ்சு. அந்த மாத்திரை கண்ணீரைக்கூட விடவில்லை. எவ்வளவு துவைத்தும் கறை முழுசாகப் போகாத அந்தக் கைக்குட்டையோடு நான் ஆபீஸ் போனேன். யார் கேட்டாலும் காரணம் சொல்லவில்லை.

தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. நான் தண்ணீர்ச் செம்போடு நின்று, "மூணாங்கிளாஸ் டீச்சர்?" என்று வருகைப் பதிவு எடுப்பேன். நீ முழுங்கிவிட்டு, "உள்ளேன் ஐயா" என்பாய். முகம் சுளித்தபடி சொன்ன நாளும் உண்டு, மூட்டு வலியில் முனகிக்கொண்டே சொன்ன நாளும் உண்டு. சொல்லாத நாள் இல்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் மூவருமாக ரயில் நிலையம் போவோம். மே மாதம் முப்பத்தேழு. ஜூனிலும் முப்பத்தேழு. 'புதிய முயற்சிகள் கைகூடும்' என்று பின்பக்கம் ஜோசியம் வேறு. நீ அந்த அட்டையைப் படிக்காமலே ஜெபப்புத்தகத்துக்குள் சொருகினாய். ஜூலையில் நாற்பத்தொன்று! நான் பிளாட்பாரத்திலேயே மகளைத் தூக்கிச் சுற்றினேன். மறுநாள் டாக்டர் தன்னுடைய மெஷினில் உன்னை ஏற்றினார். முப்பத்தெட்டு.

அவர் அதைக் குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து ஆணியில் தொங்கிய உன் ஜோல்னாப்பையைக் கையில் தூக்கிப் பார்த்தேன். வருடக்கணக்காகப் பார்சல் தூக்கிய கை, மூன்று கிலோ என்று சொல்லிவிட்டது. உள்ளே நீ திருத்த வேண்டிய கட்டுரை நோட்டுகள். ஞாயிற்றுக்கிழமை அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் மெஷினில் ஏறியிருந்தாய்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அன்றுதான் உன்னிடம் சத்தம் போட்டேன். "ஒருசந்தினு ஒரு பொய். இப்ப இது ஒரு பொய். இன்னும் எத்தனை பொய் சொல்லிச் சாகப் போறே?"

நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். "ஏறலைன்னா அறுத்துருவாகளே. பயமா இருக்குங்க" என்றாய்.

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. எனக்கும் பயமாக இருக்கிறது என்றேன். ஏப்ரலிலிருந்து தினமும் பயமாக இருக்கிறது, உன்னிடம் காட்டாமல் இருக்கத்தான் கேலி பேசிக்கொண்டு திரிகிறேன் என்றேன். நீ திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "அதான் எல்லாத்துக்கும் ஜோக்கடிச்சீகளா?" என்று கேட்டுவிட்டு, அந்த அட்டையை எடுத்துச் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டாய். நான் கிழிக்கப் போனபோது விடவில்லை. தப்பு விடையும் நோட்டில் இருக்க வேண்டுமாம். உனக்கு எல்லாமே மூணாங்கிளாஸ்தான்.

அடுத்த மாதத்திலிருந்து நீ மெஷினில் ஏறும் முன், மகள் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். "பையைக் குடுங்கம்மா." நீ கொடுப்பாய். செருப்பையும் கழற்றுவாய். ஆகஸ்டில் முப்பத்தொன்பது, உண்மையான முப்பத்தொன்பது. ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு போய்ப் பார்த்தபோது நாற்பத்து நாலு. கிறிஸ்துமஸுக்குப் பழைய ரவிக்கை கைப்பக்கம் இறுக்கியது. ஜெபமாலையில் பேசஞ்சர் சத்தம் எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை. ஒருநாள் மகள்தான் சொன்னாள், அம்மா வயிறு பேசுறதே இல்லையே என்று.

பிப்ரவரியில் ஐம்பது. மறுபடி சுண்ணாம்புத் தண்ணி, மறுபடி படம். வெள்ளை தடையில்லாமல் இறங்கியிருந்தது. கத்தி தேவையில்லை என்றார் டாக்டர். நீ மறுபடியும் அவரைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தாய். "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீக" என்றாய். காப்பாற்றியது மாத்திரையும் அந்த மனுஷனும்தான், பேர் மட்டும் எனக்கு. மறுக்கத்தான் நினைத்தேன். மனசு வரவில்லை.

அந்த மாதமே விபூதிப் புதன் வந்தது. ஒருசந்தி கூடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாவமாகிவிடுமோ என்று நீ பங்குச் சாமியாரிடம் போய் முறையிட்டாய். போன வருடம் பொய்யாக ஒருசந்தி இருந்ததையும் சொல்லியிருக்கிறாய். அவர், "இந்த வருஷம் நீ சாப்பிடுறதுதாம்மா ஒருசந்தி" என்றாராம். நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்து நாலு இட்லி தின்றாய். இனிமேல் இந்த வீட்டில் யார் ஒருசந்தி என்றாலும் முதலில் எடை பார்த்துவிட்டுத்தான் என்று எங்களுக்கு உத்தரவும் போட்டாய். வருடா வருடம் அதைச் சொல்லிச் சொல்லி என்னை வறுத்தெடுத்தாய்.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. உன்னை அத்தனை வாட்டிய வயிறு அதற்கப்புறம் ஒரு தொந்தரவும் தரவில்லை. ஒருநாளும் முணுமுணுக்காத நெஞ்சுதான் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. ஒருவிதத்தில், அந்த ஒன்பது மாதத்துக்குக் கிடைத்த பரிசாக முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைய நாம் சேர்ந்து இருந்தோம். போதவில்லை டீச்சர். எனக்குப் போதவில்லை.

உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வலி ஒன்றுமில்லை, சத்தம் ஒன்றுமில்லை. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது, அவ்வளவுதான். மகள் வைக்கிற இட்லியில் பாதி காக்கைக்குப் போகிறது. வேட்டிக்கு மேல் போடும் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருக்கிறேன். மகள் கேட்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். இன்று காலை விபூதிப் புதன் வந்தது. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

இந்தக் கடிதத்தை இதுவரை எழுதிவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். மகளிடம் ஒன்றும் விளக்கவில்லை, பத்து அட்டைகளையும் மேஜையில் பரப்பி வைத்தேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பெருக்கல் குறி போட்டதை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். அப்புறம் என் பெல்ட்டைப் பார்த்தாள்.

"எத்தனை நாளாப்பா?" என்றாள்.

"அம்மா போனதுலேருந்து" என்றேன்.

அவள் திட்டவில்லை. செருப்பை எடுத்து என் காலடியில் போட்டாள். தெருமுனை மருந்துக்கடை வாசலில் இப்போதெல்லாம் ஒரு எடை மெஷின் நிற்கிறது. விளக்கும் இல்லை, ஜோசியமும் இல்லை. வெறும் எண்தான் காட்டும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறப்போனேன். தோளில், காலையில் பூசைக்குக் கொண்டுபோன என் பை. அதற்குள் உன் ஜெபப்புத்தகம், கண்ணாடிக் கூடு, தண்ணீர் பாட்டில். அது தோளில் இருப்பதே எனக்கு நினைவில்லை என்றால் நீ நம்ப மாட்டாய்.

மகள் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"பையைக் குடுங்கப்பா."

கொடுத்துவிட்டேன், டீச்சர்.